பெயர்கள் ஓடி முடியும் வரை

திருமணமான புதிதில் என் கணவர் என்னை மட்டக்களப்புக்குப் படம் பார்க்கக் கூட்டிப் போனார். டிக்கெட் எடுக்கும்போதே கதவோரமாக இரண்டு கதிரைகள் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். படம் ஓடும்போது நன்றாகத்தான் சிரித்தார். பகிடி வந்த இடங்களில் என் முகத்தைத் திரும்பிப் பார்த்து, நானும் சிரிக்கிறேனா என்று உறுதி செய்துகொண்டார். கடைசிக் காட்சி முடிந்து, திரை கறுத்து, முதல் பெயர் எழும்பியதும் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"வா, போவம்."

"இரிங்க, பேரெல்லாம் போகட்டும்."

"பேரைப் பாத்து என்ன செய்யப் போறாய்? வா புள்ள."

நான் செருப்பை ஒழுங்காகப் போடுவதற்குள் வாசலுக்கு வந்துவிட்டோம். கை சிவந்திருந்தது. வெளியே வந்த பிறகு அவருக்கு ஓர் அவசரமும் இருக்கவில்லை. எதிர்க்கடையில் இரண்டு ஐஸ்கிறீம் வாங்கி, மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று ஆறுதலாகச் சாப்பிட்டார். இப்படி நிற்கிற மனிதர் ஏன் அப்படி ஓடிவந்தார் என்று எனக்கு விளங்கவில்லை. புது மாப்பிள்ளையிடம் கேட்கவும் கூச்சமாக இருந்தது.

அதன் பிறகு ஏழு வருடங்களில் நாங்கள் பார்த்த படங்களை விரல் விட்டு எண்ணலாம். ஒவ்வொரு முறையும் கதவோரக் கதிரை, ஒவ்வொரு முறையும் அதே இழுப்பு. இரண்டு தடவை அதற்காகச் சண்டையும் பிடித்திருக்கிறேன். பொறுமை இல்லாத ஆள் என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். நியாயத்தைச் சொன்னால், எங்கள் பக்கத்தில் பெயர்கள் ஓடும்போது யாருமே உட்கார்ந்திருப்பதில்லை. மஃரிப் தொழுகைக்கு நேரமாகிவிடும். பஸ் போய்விடும். மடியில் பிள்ளை சிணுங்கும். மோட்டார் சைக்கிளைக் கும்பலுக்கு நடுவில் விட்டவர் முந்தி ஓடாவிட்டால், கூட்டம் கலையும்வரை வெயிலில் நிற்க வேண்டும். இவர்களில் ஒருவராகவே அவரையும் நினைத்தேன்.

எனக்கு அந்தப் பெயர்கள் வேறு மாதிரி. மருதமுனையில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, வாப்பா கூரையில் கட்டிய அன்டெனாவில் ஒரேயொரு சிங்கள அலைவரிசைதான் தெளிவாக விழும். பின்னேரத்தில் அதில் ஒரு தொடர் நாடகம் போகும். வீட்டில் ஒருவருக்கும் சிங்களம் தெரியாது. ஆட்களின் முகத்தைப் பார்த்து உம்மா தானாக ஒரு கதையைக் கட்டிச் சொல்வார். அநேகமாக உண்மைக் கதையைவிட அது நன்றாக இருந்திருக்கும். நாடகம் முடிந்ததும் அவர் சோறாக்க எழும்பிவிடுவார். நான் மட்டும் இருப்பேன். கீழிருந்து மேலே போகும் அந்த வட்ட வட்டமான எழுத்துக்கள் தினமும் ஒரே ஒழுங்கில்தான் போகும். நாடகத்தில் நடித்த ஒரு பெண்ணின் பெயரைத் தமிழ்ப் பத்திரிகையில் கண்டிருந்தேன்; முதலில் மேலே போவது அதுதான் என்று ஊகித்தேன். அந்தப் பெயரின் முதல் எழுத்து இன்னொருவருடைய பெயரின் நடுவிலும் வருகிறது என்று ஒருநாள் பிடித்துவிட்டேன். கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் அதை வரைந்து வைத்தேன். மூன்று நான்கு மாதங்களில் கொப்பியின் பின்பக்கம் நிறைந்துவிட்டது. எனக்குத் தெரியாத ஒரு மொழியில் உடை தைத்தவரையும் ஒப்பனை போட்டவரையும் நான் வாசிக்கப் பழகியிருந்தேன்.

அதுதான் பிறகு படிப்பாகி, தொழிலாகியது. ஓர் அரச அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். சிங்களத்தில் வரும் சுற்றறிக்கை என் மேசையில் தமிழாகும். அடியில் அதிகாரி கையெழுத்துப் போடுவார். தமிழாக்கியது யார் என்று ஓரிடத்திலும் இருக்காது. இருக்க வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

போன வருடம், என்னோடு படித்த ஒரு தோழி மூலமாக ஒரு வேலை வந்தது. சிங்களத்தில் ஒரு சின்னப் படம். தெற்குக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் ஒரு குடும்பத்தின் கதை. எடுத்தவர் ஓர் இளம் பெண். திரையின் அடியில் ஓடும் வசனங்களைத் தமிழில் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். நான் உடனே ஓம் என்றுவிட்டு, பிறகுதான் பயந்தேன். நான் நெசவுக்காரரின் மகள். வலையைத் தூரத்தில் கண்டதுதான்.

லீவு நாட்களில் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு எழுதினேன். என் கணவர் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவர். கல்முனையில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். ஆனால் அவர் பிறந்தது சாய்ந்தமருதில், கடலோரத்தில். அவருடைய வாப்பா கரைவலை இழுத்தவர். ஒருநாள் பகல் சாப்பாட்டுக்கு வந்தவர், கையைத் துடைத்தபடி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். திரையில் வலையின் கடைசிப் பகுதி மீனோடு கரையேறிக்கொண்டிருந்தது. அடியில் நான் "வலையின் பை நிறைந்துவிட்டது" என்று போட்டிருந்தேன்.

"பையா? ஆரு உனக்குச் சொன்ன? அது மடி."

"மடி எண்டு போட்டா ஆக்களுக்கு விளங்குமா?"

"படத்தில அதைக் கண்ணால காட்டுறாங்கதானே, விளங்கும். பை எண்டு போட்டாத்தான் வலைக்காரன் சிரிப்பான்."

மாற்றினேன். வரியும் சின்னதாகியது. திரையில் ஒரு வரிக்கு இத்தனை எழுத்துத்தான் கொள்ளும் என்பதால் சின்னச் சொல் கிடைப்பது பெரிய உதவி. அன்றிலிருந்து அவர் வேலை முடிந்து வந்ததும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்காரத் தொடங்கினார். கரையில் மீனவர் தங்கும் குடிலுக்கு வாடி. வலை இழுக்கும்போது எல்லோரும் சேர்ந்து பாடுவதற்கு அம்பா. "அப்படி ஒரு பாட்டு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் வாய்க்குள் முணுமுணுத்துக் காட்டினார். எங்கள் மகள் எங்கிருந்தோ ஓடிவந்து அதற்கு ஆடினாள். இந்த மனிதர் கடலைப் பற்றி இவ்வளவு கதைத்து நான் கேட்டதே இல்லை. கல்யாணம் பேசியபோது வீட்டைக் கடலுக்குக் கிட்ட எடுக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

வேலை முடிந்து அனுப்பியதும், படம் எடுத்த பெண் தொலைபேசியில் வந்தார். கடைசியில் போடுவதற்கு என் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டார். சொன்னேன். பிறகு கொஞ்சம் தயங்கி, "இன்னொரு பெயரும் போட முடியுமா?" என்று கேட்டேன். கடற்சொற்கள் என்று ஒரு வரியும், அதற்கு நேரே என் கணவரின் பெயரும். அவர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். இவரிடம் நான் மூச்சு விடவில்லை. திரையில் கண்டு திகைக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

படத்தை ஒலுவிலில் பல்கலைக்கழக மண்டபம் ஒன்றில் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. எங்களுக்கும் அழைப்பு. காட்சிக்கு இரண்டு நாட்கள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சாப்பிட்டு, பிள்ளைகள் உறங்கிய நேரத்தில் மெதுவாகச் சொன்னேன்.

"இந்த ஒரு படத்துக்கு மட்டும் கடைசி வரைக்கும் இரிக்கணும். இழுக்கக் கூடாது."

"நீ இரி. நான் வெளியில நிக்கிறன்."

"ஏன், அஞ்சு நிமிஷம் இரிக்க ஏலாதா?"

"ஏலா எண்டா விடன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு மாதமாக அடைத்து வைத்திருந்ததைக் கொட்டிவிட்டேன். "உங்கட பேரும் அதில இரிக்கி. நான் கேட்டுப் போடுவிச்சன். அதுக்குத்தான் சொன்னன். இப்ப விளங்குதா?"

அவர் எழும்பிப் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"சுனாமி அண்டு காலையில நான் மாமி வீட்ட இருந்தன்" என்றார்.

மாமி என்பது அவருடைய தாய்மாமனின் மனைவி. அந்த வீடு கடலுக்கு மிகக் கிட்ட இருந்தது. சுனாமியில் அந்த வீட்டு மகன் போய்விட்டான் என்று எனக்குத் தெரியும். அந்தக் கடலோரத்தில் எல்லா வீட்டிலும் யாரோ போயிருந்தார்கள். அதற்கு மேல் யாரும் கதைப்பதில்லை. நானும் கேட்டதில்லை.

"மச்சானும் நானும் ஒரே வயசு. பதினொண்டு. வாடகைக்கு எடுத்த சீடி ஒண்டு, ஒம்பது மணிக்குத் திருப்பிக் குடுக்கணும். விடிஞ்சதும் போட்டுட்டம். தமிழில கதைக்கிற இங்கிலீசு சண்டைப் படம். படம் முடியக்குள்ள மாமி குசினியில இருந்து, பாண் வாங்கிட்டு வாங்கடா எண்டா. பேர் ஓடத் தொடங்கிட்டு. அவனுக்கு ஒரு பழக்கம் இருந்த. அந்த வாயில நுழையாத வெள்ளைக்காரப் பேரையெல்லாம் கிரிக்கெட் கொமன்ட்ரி மாதிரி வாசிப்பான். பந்து வீச வாறார் இன்னார், அடிக்கிறார் இன்னார் எண்டு. பேர் எல்லாம் முடியுமட்டும் எழும்ப மாட்டான்."

அவர் சிரிக்கப் போகிறாரோ என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எனக்குப் பசி. அவன்ட கையைப் பிடிச்சி இழுத்தன். வரல்ல. நீ போ, நான் வாறன் எண்டான். நான் கோபத்தோட தனியப் போனன். மெயின் ரோட்டுக் கடையில பாணைக் கையில வாங்கக்குள்ள ஆக்கள் கத்திக்கிட்டு ஓடி வாறாங்க."

முற்றத்தில் யாருடைய கோழியோ கிளறிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் பலமா இழுத்திருந்தா வந்திருப்பான்" என்றார்.

ஏழு வருடங்களாக நான் தப்பாக நினைத்த அந்தப் பிடி என் மணிக்கட்டில் இருப்பது போல இருந்தது.

"எனக்கு ஏன் சொல்லல்ல?" என்று மட்டும் கேட்டேன்.

"உனக்கு அந்தப் பேர்கள் விருப்பம்தானே. சொன்னா, மறுகா நீயும் பாக்க மாட்டாய்."

"நாம போக வேணாம்."

"இல்ல, போவம். ஆனா இரிப்பன் எண்டு வாக்குத் தர ஏலா."

பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஒலுவிலுக்குப் போனோம். மண்டபம் கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. மாணவிகள் ஒரு பக்கம், மாணவர்கள் ஒரு பக்கம் என்று யாரும் சொல்லாமலே உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் போல் சோடியாக வந்த சிலர் பின்வரிசையில். கதவோரம் இரண்டு கதிரைகள் இருந்தன. அவர் என்னைப் பார்த்தார். நான் அதிலேயே போய் உட்கார்ந்தேன்.

என் வசனங்களை ஒரு கூட்டத்தோடு சேர்ந்து வாசிப்பது அதுதான் முதல் தடவை. நான் பயந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டும் என்று எழுதிய இடத்தில் சிரித்தார்கள். "மடி" வந்தபோது முன்னாலிருந்த ஒரு மாணவன் பக்கத்திலிருந்தவனிடம், "எங்கட வாப்பா இப்படித்தான் சொல்லுவார்" என்றான். கணவரின் முழங்கை மெல்ல என்னை இடித்தது.

கடைசிக் காட்சியில் அந்தக் குடும்பம் வலையை மணலில் விரித்துக் காய வைக்கிறது. திரை கறுத்தது. எனக்கு வேலைக்காக அனுப்பிய பிரதி அந்த இடத்தோடு நின்றிருந்தது. அதற்குப் பிறகு என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. பாட்டு வரும் என்று நினைத்திருந்தேன். பாட்டு வரவில்லை. பெயர்கள் மேலே ஏற ஏற, அலை அடிக்கும் சத்தம் மட்டும் மண்டபத்தை நிரப்பியது.

அவர் எழும்பிவிட்டார். என் கையைப் பிடிக்கவில்லை. கதவைத் திறந்து வெளியே போனதை மட்டும் கண்டேன். மாணவர்களும் கை தட்டிவிட்டு எழும்பத் தொடங்கினார்கள். பஸ் வந்து நிற்கும் நேரம், மஃரிபுக்கும் கிட்டியிருந்தது. ஆட்கள் திரையை மறைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். போய்ப் பார்ப்போமா, இருப்போமா என்று நான் தவித்தேன். என் பெயருக்காக அல்ல. அவருடைய பெயரை ஒருவராவது பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்தே இருந்தேன்.

அப்போது கதவு மறுபடி திறந்தது. வெளியே வருகிற கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் உள்ளே வந்தார். "கொஞ்சம் வழி விடுங்க தம்பி" என்று ஒருவரிடம் சொல்வது கேட்டது. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. என் மணிக்கட்டைப் பிடித்தார். இழுக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தார்.

படகு ஓட்டியவர், சமைத்தவர், ஒலி பிடித்தவர், ஊர்க்காரர்கள் என்று சிங்கள எழுத்துக்கள் போய்க்கொண்டிருந்தன. நான் மெதுவாக வாசித்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு அந்த வட்ட எழுத்துக்களுக்கு நடுவே தமிழில் இரண்டு வரிகள் வந்தன. முதலாவதில் நான். இரண்டாவதில் அவர். அவருடைய பெயருக்கு முன்னால் அவருடைய வாப்பாவின் பெயர் முழுதாக இருந்தது. முதலெழுத்தோடு நிறுத்த வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

"வாப்பாட பேரும் இரிக்கி" என்றார்.

"ஓம்."

"வலை இழுத்த ஆள்" என்றார், திரையைப் பார்த்தபடி. அந்த வரி மேலே போய் மறைந்தது. அதற்குப் பிறகும் பெயர்கள் வந்தன. எல்லாம் முடிந்து வெளிச்சம் போட்டபோது, படம் எடுத்த பெண்ணும் நாங்களும் இன்னும் நான்கைந்து பேரும்தான் மண்டபத்தில் இருந்தோம். அந்தப் பெண் வந்து தமிழில் தடுமாறி, "மடி நல்ல சொல்" என்று அவரிடம் சொன்னார். இவர் சிங்களத்தில் தடுமாறி நன்றி சொன்னார். நான் இருவருக்கும் நடுவில் நின்றும் ஒன்றும் மொழிபெயர்க்கவில்லை.

திரும்பும் வழியில் நிந்தவூரில் நிறுத்தி மஃரிப் தொழுதோம். சாய்ந்தமருது வந்ததும் அவர் நேரே போகாமல் வண்டியை உள்பக்கம் திருப்பினார். சுனாமிக்குப் பிறகு கட்டிய வீட்டுத்திட்டத்தில்தான் மாமி இருக்கிறார். அன்று வெள்ளம் மாமியை இழுத்துக்கொண்டு போய் ஒரு மதிலில் விட்டது, உயிரோடு கண்டெடுத்தார்கள். நாங்கள் பெருநாளைக்குப் பெருநாள் அங்கே போவோம். வாசலில் நின்றபடியே ஸலாம் சொல்லி, ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுவோம். அவர் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"என்ன மனே, பெருநாளும் இல்ல, வந்திரிக்கீங்க?" மாமி கதவைத் திறந்து ஆச்சரியப்பட்டார்.

இவர் உள்ளே போய் உட்கார்ந்தார். படத்தைப் பற்றிச் சொன்னார், பெயர் வந்ததைச் சொன்னார். பிறகு நிறுத்தி, அந்தக் காலையைச் சொன்னார். சீடி, பசி, கையைப் பிடித்து இழுத்தது, கொமன்ட்ரி. மாமி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கொமன்ட்ரியா? எப்படிச் சொல்லுவான்?"

இவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, பதினொரு வயதுப் பையனின் கீச்சுக் குரலில், இல்லாத வெள்ளைக்காரப் பெயர்களை வைத்து ஓர் ஓவர் பந்து போட்டுக் காட்டினார். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

"குசினிக்குள்ள சத்தம் கேக்கும், என்னண்டு எனக்குத் தெரியாது" என்றார். "ஆரும் என்னோட அவனைப் பத்திக் கதைக்கிறல்ல மனே. நான் அழுவன் எண்டு பயம். இனி அவனைப் பத்திப் புதிசா ஒண்டும் கேக்கக் கிடைக்காது எண்டுதான் இருந்தன்."

"நான் இன்னும் பலமா இழுத்திருக்கலாம் மாமி."

"பாணுக்கு அனுப்பின நான்தானே" என்றார் மாமி. "நீ ஒருத்தனாவது சொன்னதைக் கேட்டுப் போனாயே எண்டு அல்லாஹ்வுக்கு எத்தினை தரம் சுக்ர் செஞ்சிரிப்பன். அது உனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியாது. அவர் முகத்திலேயே தெரிந்தது.

மாமி தேத்தண்ணி போட எழும்பினார். பால் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபோது, அதன் அடியில் ஒரு பழைய துணி நனைந்து கிடந்ததை இவர் கண்டுவிட்டார்.

"இது எவ்வளவு நாளா ஒழுகுது?"

"ரெண்டு வருஷம் இரிக்கும். நீ வந்தாலும் அஞ்சு நிமிஷத்தில போறாய், என்னண்டு சொல்ற?"

இவர் வெளியே போய் மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து சாமான்களை எடுத்து வந்தார். சேர்ட் கையை மடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்து பின்பக்கத் தகட்டைக் கழற்றத் தொடங்கினார். மாமி பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, தன் மகன் நாலு வயதில் புதுச் சட்டையோடு மழைத் தண்ணீரில் இறங்கிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நான் உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்துவிடச் சொன்னேன். வருவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று உம்மா கேட்டார். தெரியாது உம்மா, இப்பதான் கதைக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்றேன்.